ஒரே பொருள், 69 பதிப்புகள்: ஐகியா கேட்லாக்கின் பின்னால் இருந்த தரவு வேலை

2016-இல் ஸ்வீடனின் அறைகலன் நிறுவனமான ஐகியாவின் கேட்லாக் 20 கோடிப் பிரதிகள் போயிற்று. 69 பதிப்புகள், 32 மொழிகள், 50-க்கும் அதிகமான சந்தைகள். நான்கே ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பர் 7 அன்று, இனி அச்சுக் கேட்லாக் போடப்போவதில்லை என்று அதே நிறுவனம் அறிவித்தது.

முதலாவதை ஒரு உச்சமாகவும் இரண்டாவதை ஒரு சகாப்தத்தின் முடிவாகவும் பத்திரிகைகள் எழுதின. கேட்லாக் தயாரிப்பில் உழலும் என்னைப் போன்றவர்களுக்கு இரண்டும் ஒரே காரணத்தின் விளைவுகளாகத் தெரிகின்றன. பொருளைப் பற்றிய தகவல், பொருளின் படம் உட்பட, அச்சுப் பக்கத்தை விட்டு வெளியே வந்து தனக்கென்று ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் ஒரே பொருளை 69 விதமாக அச்சிட முடிந்தது. அதனால்தான் அச்சை நிறுத்தியபோதும் கையிலிருந்து எதுவும் போகவில்லை.

கேட்லாக் வேலையைத் தானியங்கியாக்க வேண்டும் என்று கேட்டு வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் பக்க வடிவமைப்பில்தான் பேச்சைத் தொடங்குகின்றன. எந்த சாஃப்ட்வேர் பக்கத்தைத் தானாகப் போட்டுத் தரும், டிடிபி செலவு எவ்வளவு குறையும் என்பதே முதல் கேள்வி. ஐகியாவின் எழுபது ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், பக்கம் தானாக நிரம்புவது கடைசிக் கட்டம். அதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவைதான் கடினமானவையும்கூட.

பெயரும் எண்ணும்

இங்வார் காம்ப்ராட் 1943-இல் ஐகியாவைத் தொடங்கியபோது அவருக்கு வயது 17. சில்லறைச் சாமான்களைத் தபாலில் விற்றுவந்தவர் 1948-இல் அறைகலன்களைச் சேர்த்துக்கொண்டார். முதல் கேட்லாக் 1951-இல் வந்தது. 68 பக்கம், 2,85,000 பிரதிகள், தெற்கு ஸ்வீடனில் மட்டும் விநியோகம். உள்ளே இருந்த வாசகங்களில் பெரும்பகுதியைக் காம்ப்ராடே எழுதினார். பொருள் எது, விலை என்ன, அளவு என்ன என்பதெல்லாம் ஒரே மனிதரின் தலைக்குள் இருந்த காலம் அது. அந்த அளவில் எந்த முறையும் தேவைப்படாது. நம்மூர்ப் பல தொழில்களும் இதே நிலையில்தான் தொடங்குகின்றன. முதலாளிக்கு எல்லாம் மனப்பாடம். சிக்கல் இரண்டாவது ஆள் வரும்போதுதான் ஆரம்பிக்கிறது.

காம்ப்ராடுக்கு டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு இருந்தது. வெறும் எண்களாக இருந்த ஆர்டர் குறியீடுகள் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் பொருள்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம். சோபாக்களுக்கு ஸ்வீடன் ஊர்களின் பெயர்கள், கட்டில்களுக்கு நார்வே ஊர்கள், தரைவிரிப்புகளுக்கு டென்மார்க் ஊர்கள் என்று வகைக்கு ஒரு மரபு உருவானது. இதை விற்பனை உத்தியாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் பெரிய பலனைத் தவறவிடுகிறார்கள். பெயர் மொழிபெயர்க்கப்படுவதில்லை. 1979-இல் வந்த ‘பில்லி’ புத்தக அலமாரி ஜப்பானிலும் பில்லிதான், போலந்திலும் பில்லிதான். மொழிக்கு மொழி மாறுவது, பெயருக்குக் கீழே வரும் சிறு விவரணை மட்டும்.

ஆனால் பெயர் மனிதர்களுக்கானது. பில்லி என்பது ஒரு குடும்பத்தின் பெயர்; அதற்குள் அகலம் வேறு, உயரம் வேறு, நிறம் வேறு என்று பல உருப்படிகள். ஒவ்வொன்றுக்கும் எட்டு இலக்கப் பொருள் எண் உண்டு. மூன்று, மூன்று, இரண்டு என்று புள்ளி வைத்துப் பிரித்து எழுதுவார்கள். 80 செ.மீ. அகலமுள்ள வெள்ளை பில்லிக்குப் பல ஆண்டுகள் இருந்த எண் 002.638.50. கடையின் விலைச்சீட்டிலும், கிடங்கில் இருக்கும் பெட்டியிலும், இணையதளத்திலும் இதே எண். எண்ணைப் பார்த்து அது அலமாரியா கரண்டியா என்று யாராலும் சொல்ல முடியாது. அது அப்படி இருப்பதுதான் நல்லது.

ஏன் என்று விளக்க வேண்டும், ஏனென்றால் நம்மூரில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். மாடல் எண்ணுக்குள்ளேயே குதிரைத்திறனையும், பைப் அளவையும், நிறத்தையும் புதைத்து வைப்பது பழக்கம். முதல் இரண்டு ஆண்டு அது வசதியாக இருக்கும். பிறகு மோட்டார் மாறும், பைப் அளவு அப்படியே இருக்கும், புதிதாக ஒரு நிறம் வரும், எண்ணுக்குள் இடம் இருக்காது. பழைய எண்ணைப் புதிய பொருளுக்கு ஒட்டுவார்கள். டீலர் கையில் இருக்கும் பழைய கேட்லாக்கில் அதே எண்ணுக்கு வேறு பொருள் நிற்கும். பொருளின் குணங்களுக்குத் தனித்தனி கட்டங்கள் இருக்கட்டும். எண்ணின் வேலை அடையாளம் காட்டுவது மட்டும்.

002.638.50 என்ற எண்ணில் இன்னொரு பாடமும் இருக்கிறது. எக்ஸெல்லில் ஒரு சாதாரணக் கட்டத்தில் 00263850 என்று அடித்து என்டர் தட்டிப் பாருங்கள். 263850 என்று நிற்கும். முன்னால் இருந்த இரண்டு சுழியங்களும் காணாமல் போயிருக்கும். அந்தக் கோப்பை அப்படியே சேமித்துப் படங்கள் இருக்கும் கோப்புறையோடு இணைத்தால், 00263850 என்று பெயரிட்ட படம் எந்த வரியோடும் பொருந்தாது. பக்கத்தில் படம் இருக்க வேண்டிய இடம் காலியாக நிற்கும். அல்லது இன்னும் மோசமாக, போன வருடப் படம் அங்கேயே தங்கிவிடும். காலி இடத்தை ப்ரூஃப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பழைய படத்தை யாரும் கண்டுபிடிப்பதில்லை. பொருள் எண் என்பது கூட்டிக் கழிக்கும் எண் அல்ல, அது எழுத்துச் சரம்; அந்தக் கட்டத்தை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றி வைக்க வேண்டும். மைய தரவுத்தளத்துக்கு மாறும் நிறுவனங்கள் பழைய எக்ஸெல் கோப்புகளை ஏற்றும்போது முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒரு பதிவுக்குள் என்ன இருக்கிறது

அதே பில்லியின் அளவு 80 × 28 × 202 செ.மீ. அமெரிக்காவில் அதுவே 31½ × 11 × 79½ அங்குலம். கணக்குப் போட்டால் 80 செ.மீ. என்பது 31.496 அங்குலம், 202 செ.மீ. என்பது 79.53. அரைக்கால் (⅛) அங்குலத்துக்கு முழுமையாக்கினால் அமெரிக்க அளவு சரியாக வந்துவிடும். ஆகவே அங்குல அளவைத் தனியாக யாரும் தட்டச்சு செய்யக் கூடாது. செ.மீ. ஒரு கட்டத்தில் இருக்கும், முழுமையாக்கும் விதி இன்னொரு இடத்தில் இருக்கும், அங்குலம் தேவைப்படும்போது கணக்கில் பிறக்கும். இரண்டையும் கையால் எழுதி வைத்தால், என்றோ ஒருநாள் அளவு மாறும்போது ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறப்பார்கள். இது ஆட்களின் கவனக்குறைவு பற்றிய புகார் அல்ல. ஒரே உண்மையை இரண்டு இடத்தில் எழுத வைத்த அமைப்பின் பிழை.

இந்த விதி எல்லா இடத்திலும் செல்லாது என்பதற்கும் ஐகியாவிலேயே உதாரணம் உண்டு. ஐரோப்பாவில் அவர்களுடைய சமையலறை அலமாரி வரிசையின் பெயர் மெட்டோட். வட அமெரிக்காவில் செக்‌ஷன். மெட்டோட் அலமாரி 60 செ.மீ. அகலம் என்றால் செக்‌ஷன் 24 அங்குலம், அதாவது 60.96 செ.மீ. அந்த நாட்டு அடுப்புகளும் பாத்திரம் கழுவும் இயந்திரங்களும் அங்குலக் கணக்கில் செய்யப்படுவதால் அலமாரியும் அதற்கேற்ப உண்மையிலேயே வேறு பொருள். இங்கே அலகு மாற்றிக் காட்டினால் தவறு. தனிப் பதிவு வேண்டும். எது ஒரே பொருளின் இன்னொரு முகம், எது உண்மையில் இன்னொரு பொருள் என்று முடிவு செய்வது எந்த சாஃப்ட்வேரும் நமக்காகச் செய்து தராத வேலை. பொருளைத் தெரிந்தவர் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும்.

மொழி விஷயத்திலும் இதே நுணுக்கம் வருகிறது. 32 மொழிகளுக்கு 69 பதிப்புகள் ஏன்? மொழியும் சந்தையும் ஒன்றல்ல. ஸ்விட்சர்லாந்துக்கு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றும் வேண்டும். விலை மட்டும் பிராங்கில். பெல்ஜியத்துக்கு டச்சும் பிரெஞ்சும். கனடாவுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும். ஜெர்மனிக்காக எழுதிய ஜெர்மன் வாசகத்தை ஸ்விட்சர்லாந்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் ஜெர்மனியில் புழங்கும் ‘எஸ்ட்செட்’ (ß) என்ற எழுத்து ஸ்விஸ் எழுத்து வழக்கில் இல்லை. நல்ல மைய தரவு அமைப்பில் இதற்கு ஒரு வழி இருக்கும். ஸ்விஸ் ஜெர்மன் கட்டம் காலியாக இருந்தால் ஜெர்மன் கட்டத்திலிருந்து எடுத்துக்கொள்; யாராவது நிரப்பியிருந்தால் அதையே பயன்படுத்து. மரபுரிமை போல மேலிருந்து கீழே இறங்கும் இந்த ஏற்பாடு இல்லையென்றால் பதிப்புக்குப் பதிப்பு நகல் எடுக்க வேண்டிவரும். ஐகியாவின் பொருள் வரிசை 9,500-ஐ ஒட்டியது. ஒரு பொருளுக்கு ஒரே வரி என்று வைத்தாலும் 32 மொழிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள். நகல் எடுத்துக் காப்பாற்றக்கூடிய அளவல்ல அது.

பக்கம் தானாக நிரம்பும்போது

பல மொழிக் கேட்லாக் அச்சிடுவோர் எல்லோரும் கைக்கொள்ளும் ஒரு பழைய உத்தி உண்டு. வண்ணப் பக்கம் நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என நான்கு தகடுகளில் அச்சாகிறது. எழுத்து முழுவதையும் கருப்பில் மட்டும் வைத்தால், மொழி மாறும்போது கருப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். படங்களைத் தாங்கிய மற்ற மூன்றும் அப்படியே ஓடும். அதனால்தான் இத்தகைய கேட்லாக்குகளில் படத்தின் மேல் வெள்ளை எழுத்தைக் குடைந்து போடுவதைத் தவிர்ப்பார்கள். மாறுவதையும் மாறாததையும் பிரித்து வைப்பது என்ற எண்ணம் கணினிக்கு முன்பே பிரஸ்ஸில் இருந்திருக்கிறது. இன்று பொருள் தரவு மேலாண்மை மென்பொருள் செய்யும் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஸ்டிபோ சிஸ்டம்ஸின் தாய் நிறுவனம், 1794-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் தொடங்கப்பட்ட ஓர் அச்சகம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இந்தத் துறை அச்சுக்கூடத்தில்தான் பிறந்தது.

இன்றைய நடைமுறையில் இன்டிசைன் போன்ற மென்பொருளில் வார்ப்புரு செய்து, ஒவ்வொரு எழுத்துப் பெட்டிக்கும் படப் பெட்டிக்கும் தரவுத்தளத்தின் எந்தக் கட்டம் வர வேண்டும் என்று கட்டிவைப்பார்கள். பக்கத்தில் எந்தெந்தப் பொருள் வர வேண்டும் என்பதை எண்களின் பட்டியலாகக் கொடுத்தால், பெயர், விவரணை, அளவு, படம் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். மொழியை மாற்றினால் அதே பக்கம் இன்னொரு மொழியில். கேட்க மந்திரம் போல இருக்கும். ஜெர்மன் பதிப்பைத் திறந்ததும் பெட்டிகளின் ஓரத்தில் சிவப்புக் கூட்டல் குறிகள் தெரியும்: வாசகம் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் இரண்டு வரியில் முடிந்தது ஜெர்மனில் மூன்றாம் வரிக்கு வழிகிறது. தமிழில் போட்டாலும் இதே கதைதான். ஆகவே வார்ப்புருவை நீளமான மொழிக்கு வடிவமைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்து வரம்பைத் தரவுத்தளத்திலேயே வைத்து, மொழிபெயர்ப்பாளர் எழுதும்போதே எச்சரிக்க வேண்டும். அச்சுக்கு முந்திய இரவில் வாசகத்தை வெட்டுவது கேட்லாக் உலகின் மிகப் பெரிய பிழை ஊற்று.

விலை கடைசியில் வர வேண்டும். ஐகியா கேட்லாக்கில் அச்சான விலை, அதில் குறித்த தேதி வரை செல்லும் என்பது வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு. அத்தனை நாடுகளின் நாணயத்திலும் அவ்வளவு நாளைக்குப் பிடித்து நிற்கும் விலையை முடிவு செய்ய நாட்டு அலுவலகங்களுக்குக் காலம் தேவை. அதனால் விலையை விவரணையோடு சேர்த்து எழுதிவைக்கக் கூடாது. தனிக் கோப்பாக, பொருள் எண்ணை மட்டும் சாவியாகக் கொண்டு, பக்கம் மூடும் நாளில் வந்து சேர வேண்டும்.

இந்த ஏற்பாடு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. நிறுவனங்களுக்குள் உண்மையான சண்டை அங்கேதான் நடக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் யார் பொறுப்பு? அளவுக்கு வடிவமைப்புப் பிரிவு, பராமரிப்புக் குறிப்புக்குத் தரக்கட்டுப்பாடு, விலைக்கு விற்பனை, வாசகத்துக்கு எழுத்தாளர். கேட்லாக் குழுவுக்கு எந்தக் கட்டமும் சொந்தமாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேட்லாக் போடுபவர் ப்ரூஃபில் ஒரு பிழையைக் கண்டால் பக்கத்தில் திருத்தக் கூடாது. மூலப் பதிவுக்குப் போய், பொறுப்பாளரைக் கொண்டு திருத்தி, பக்கத்தை மறுபடி நிரப்ப வேண்டும். அவசரத்தில் இது எரிச்சலூட்டும். ஆனால் பக்கத்தில் நேரடியாகச் செய்த ஒவ்வொரு திருத்தமும் அடுத்த பதிப்பில் பழைய பிழையாகத் திரும்பி வரும். இணையதளத்தில் அது திருத்தப்படாமலே கிடக்கும்.

படமும் ஒரு தரவுதான்

ஐகியாவின் கதையில் மற்றவர்களிடமிருந்து அவர்களை உண்மையில் பிரித்துக் காட்டும் பகுதி இது.

கேட்லாக்குக்குப் படம் எடுக்கப் பொருள் வேண்டும். பொருள் கடைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே பக்கம் மூடப்பட வேண்டும். எனவே உலகின் பல மூலைகளிலிருந்து முன்மாதிரிகளை ஸ்வீடனின் எல்ம்ஹுல்ட் ஊரிலுள்ள ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, அறைகளைக் கட்டி, படமெடுத்து, பிறகு கலைப்பார்கள். சமையலறைதான் மிகவும் செலவு பிடித்தது. அமெரிக்கச் சமையலறை, ஐரோப்பியச் சமையலறை, ஜப்பானியச் சமையலறை மூன்றும் மூன்று மாதிரி. ஒவ்வொரு நாட்டின் அடுப்பையும் குளிர்சாதனப் பெட்டியையும் கப்பலில் வரவழைத்துப் படமெடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. கடைசி நேரத்தில் முன்மாதிரியின் கைப்பிடி மாறினால் படம் வீண்.

2004-இல் பயிற்சி மாணவர்கள் மூவரைக் கொண்டு கணினியில் பொருளின் படத்தை உருவாக்கும் முயற்சி தொடங்கியது. 2006-இல் முதல் படம் கேட்லாக்கில் வந்தது: ‘பெர்ட்டில்’ என்ற பைன் மர நாற்காலி. அது புகைப்படம் அல்ல என்பதை வாசகர்கள் அறியவில்லை. 2010-இல் முழு அறையொன்று கணினியிலேயே உருவானது.

நடுவே 2009-இல் நடந்ததாக அந்தக் குழுவினரே பின்னாளில் சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. பொருள் வரிசையைக் கவனிக்கும் பிரிவிலிருந்து கூப்பிட்டு, கணினிப் படங்களை நிறுத்துங்கள், எங்களிடம் 200 படங்கள் இருக்கின்றன, சகிக்கவில்லை என்றிருக்கிறார்கள். குழு அந்தப் படங்களை வாங்கிப் பார்த்தது. மோசம் என்று சொல்லப்பட்டவை கேமராவில் எடுத்த புகைப்படங்கள். நன்றாக இருந்தவை கணினியில் செய்தவை. அதற்குப் பிறகு புகைப்படக்காரர்கள் முப்பரிமாண வேலையையும், கணினிக் கலைஞர்கள் புகைப்படக் கலையையும் கற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். தரம் அங்கிருந்துதான் ஏறியது. ஒரு நிர்வாக முடிவாக இதை நான் மிகவும் மதிக்கிறேன். புதிய கருவியைக் கொண்டுவந்து பழைய ஆட்களை வெளியே அனுப்புவது எளிது. வெளிச்சம் எப்படி விழும், மரத்தின் ரேகை எந்தக் கோணத்தில் உயிர்பெறும் என்று தெரிந்தவர்கள் பழையவர்கள்தான். அந்த அறிவு போயிருந்தால் கணினிப் படங்கள் பொம்மைகளாகவே நின்றிருக்கும்.

2014 வாக்கில் வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்கும் பொருள் படங்களில் சுமார் 75 சதவீதம் கணினியில் உருவானவை. கணினியில் செய்த முப்பரிமாண மாதிரிகளின் கிடங்கில் ஏறத்தாழ 25,000 உருப்படிகள் சேர்ந்திருந்தன.

இந்த எண்ணிக்கையைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது இதன் உள்ளே நடந்த மாற்றம். புகைப்படம் ஒரு முடிந்த பொருள். அதிலிருந்து வேறு கோணமோ வேறு நிறமோ பிறக்காது. முப்பரிமாண மாதிரி அப்படியல்ல. அதுவும் நீளம், அகலம் போலப் பொருளைப் பற்றிய மூலத் தகவல். புது நிறம் வந்தால் துணியை மாற்றி மறுபடி படம் உருவாக்கலாம். அமெரிக்கச் சமையலறையில் ஐரோப்பியக் கைப்பிடியை வைத்துப் பார்க்கலாம். பொருள் ஆலையில் தயாராகும் முன்பே பக்கம் தயாராகலாம். 2017 செப்டம்பரில் ஐகியா பிளேஸ் என்ற செயலி வந்தது. 2,000 பொருள்களைத் தொலைபேசி வழியாக உங்கள் வீட்டு அறையிலேயே சரியான அளவில் நிறுத்திப் பார்க்க முடிந்தது. கேட்லாக்குக்காகப் பொருள்களை முப்பரிமாணத்தில் சேர்த்துப் பழகிய நிறுவனத்துக்கு அது எட்டாத தூரமாக இருக்கவில்லை.

மையம் காக்காத இடம்

2012 இலையுதிர் காலத்தில் ஸ்வீடனின் மெட்ரோ நாளிதழ் இரண்டு கேட்லாக்குகளை அருகருகே வைத்துக் காட்டியது. ஸ்வீடன் பதிப்பில் குளியலறையில் நின்ற பெண், சவூதி அரேபியப் பதிப்பின் அதே பக்கத்தில் இல்லை. மற்ற பக்கங்களிலும் பெண்கள் நீக்கப்பட்டிருந்தார்கள். ஐகியா வருத்தம் தெரிவித்தது. இது தங்கள் விழுமியங்களுக்கு முரணானது என்றது. 2017-இல் இஸ்ரேலில் மரபுவாத யூதர்களுக்கென்று போட்ட பதிப்பில் பெண்களும் சிறுமிகளும் இல்லாதது வெளிவந்து, மீண்டும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

பதிப்புகள் பெருகும்போது எதை யார் மாற்றலாம் என்ற வரம்பு தெளிவாக இருக்க வேண்டும் என்பது இதில் உள்ள நிர்வாகப் பாடம். விலையை உள்ளூர் மாற்றலாம், விவரணையை மாற்றலாம், பொருளை விடலாம். படத்தில் இருக்கும் மனிதரை அழிக்கலாமா? அதற்கு ஒரு கட்டமும், அந்தக் கட்டத்துக்கு ஒரு பொறுப்பாளரும், அவருக்கு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் இருந்திருக்க வேண்டும். பொருளின் அளவு பிழையாகாமல் காக்கும் அமைப்பு, மனிதர்களைப் பற்றிய முடிவு பிழையாகாமல் தானாகக் காத்துவிடாது. பெண்களை வரைகலையில் அழிப்பது சந்தைக்கேற்ற தழுவல் என்ற கணக்கில் போகக் கூடாது என்றே நான் கருதுகிறேன். தானியங்கி அமைப்பு அதை இன்னும் எளிதாக்கிவிடும் என்பதால் இதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுத்துரு விஷயத்தையும் தொட்டுச் செல்கிறேன். 2009-இல் ஐகியா ஃபியூச்சுராவை ஒட்டிய தன் பழைய எழுத்துருவை விட்டு வெர்டானாவுக்கு மாறியபோது வடிவமைப்பாளர்கள் கொதித்தார்கள். அச்சிலும் இணையத்திலும் எல்லா நாட்டிலும் ஒரே எழுத்துரு வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம். அழகில் அது இறக்கம்தான். 2019-இல் கூகுளின் நோட்டோ குடும்பத்துக்கு மாறினார்கள். தமிழ் உட்பட உலகின் பெரும்பாலான எழுத்துமுறைகளுக்கு வடிவம் இருக்கும் குடும்பம் அது. ஒரே மையத்திலிருந்து பல மொழிகளில் பக்கம் நிரப்ப நினைப்பவர் எழுத்துருவை முதலிலேயே தேர்ந்துவிட வேண்டும். கடைசியில் தேர்ந்தால் எல்லாப் பெட்டிகளின் அளவும் மாறும்.

அச்சு நின்றபோது

2020 அறிவிப்பில் சொன்ன காரணங்கள் நேரடியானவை. முந்தைய ஆண்டில் இணைய விற்பனை உலக அளவில் 45 சதவீதம் உயர்ந்திருந்தது. இணையதளத்துக்கு 400 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள். அச்சுக் கேட்லாக்கை மக்கள் பயன்படுத்துவது குறைந்திருந்தது. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனின் ஆர்கோஸ் நிறுவனமும் 1973 முதல் போட்டுவந்த தன் கேட்லாக்கை நிறுத்துவதாகச் சொல்லியிருந்தது.

அச்சுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு; பக்கம் வீட்டுக்குப் போனபின் அதைத் திருத்த முடியாது. 2016 ஜூனில் அமெரிக்காவில் ஐகியா சுமார் 2.9 கோடி இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்ப அழைத்தது. சுவரோடு பொருத்தாவிட்டால் கவிழ்ந்து குழந்தைகள் உயிரிழந்த விவகாரம் அது. இப்படி ஒன்று நேரும்போது எந்தெந்த உருப்படி இதில் அடங்கும், எந்த ஆண்டு விற்றது, எங்கே விற்றது என்பதற்கு ஒரே நாளில் பதில் சொல்ல வேண்டும். கேட்லாக் போடுவதற்காகத் திரட்டும் பொருள் தரவு அந்த நாளில் உயிர்காக்கும் தரவாகிறது. இணையப் பக்கத்தை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். கோடிக்கணக்கான பிரதிகளை மாற்ற வழியில்லை.

கரூரிலிருந்து பார்த்தால்

ஐகியா 35 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியாவிலிருந்து வாங்குகிறது. கரூரில் நெய்து தைத்த வீட்டுத் துணிகள் அதில் அடங்கும். வாங்குபவரின் கேட்லாக்கில் நிற்கும் அளவு, நூல் வகை, துவைக்கும் முறை, பெட்டியின் எடை ஆகியவை இங்குள்ள ஆலையில் யாரோ ஒருவர் நிரப்பிய படிவத்திலிருந்துதான் பயணத்தைத் தொடங்குகின்றன. ஆனால் அதே ஆலை தனக்கென்று வைத்திருக்கும் சாம்பிள் புத்தகத்தையும் விலைப்பட்டியலையும் பார்த்தால், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒவ்வொருவரிடமும் ஒரு எக்ஸெல், வாட்ஸ்அப்பில் ஒரு படம், சிவகாசி பிரஸ்ஸில் ஒரு பழைய ஃபைல் என்று சிதறிக் கிடக்கும். வெளிநாட்டு வாங்குநருக்குக் கொடுக்கும் ஒழுங்கை நம் சொந்தப் பொருளுக்கு நாம் கொடுப்பதில்லை.

தொடங்குவதற்குப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. எல்லோரும் திறக்கக்கூடிய ஒரே ஒரு தாள், பொருளுக்கு ஒரு வரி, அர்த்தம் புதைக்காத ஒரு எண், அந்த எண்ணையே பெயராகக் கொண்ட படங்கள், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மேலே அதற்குப் பொறுப்பானவரின் பெயர். முதலில் நூறு பொருள்களுக்குச் செய்து, அதிலிருந்து தாளிலிருந்து பக்கத்தை நிரப்பும் இன்டிசைனின் டேட்டா மெர்ஜ் வசதி வழியாக நான்கு பக்கம் போட்டுப் பார்க்கலாம். தவறுகள் எல்லாம் அங்கேயே வெளியே வந்துவிடும். எச்.எஸ்.என். குறியீடு (வரிக்கான சரக்கு வகைப்பாட்டு எண்), அதிகபட்ச சில்லறை விலை, தயாரான நாடு போன்ற சட்டக் கட்டங்களையும் அதே தாளில் வைப்பது நல்லது. இணையச் சந்தைகளில் ஏற்றும்போது அவைதான் முதலில் கேட்கப்படுகின்றன.

ஐரோப்பாவுக்கு அனுப்புபவர்களுக்குக் காலமும் குறைவு. 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழலியல் வடிவமைப்பு ஒழுங்குமுறை, பொருளுக்கு டிஜிட்டல் கடவுச்சீட்டு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவருகிறது. பொருளின் மேலுள்ள குறியீட்டை ஸ்கேன் செய்தால் அது எதனால் ஆனது, எப்படிப் பழுதுபார்ப்பது, எப்படி மறுசுழற்சி செய்வது போன்ற விவரங்கள் வர வேண்டும். தனிச் சட்டத்தின் கீழ் மின்வாகனங்களுக்கும் தொழிற்சாலைகளுக்குமான பெரிய பேட்டரிகளுக்கு இது 2027 பிப்ரவரி 18 முதல் கட்டாயம். 2025 ஏப்ரலில் வெளியான செயல்திட்டம் ஆடைகள், அறைகலன், மெத்தை ஆகியவற்றை முன்னுரிமைப் பட்டியலில் வைத்திருக்கிறது. திருப்பூரிலிருந்து போகும் பனியனுக்கும் அந்த விவரங்கள் உருப்படி வாரியாகக் கேட்கப்படும் நிலை வருகிறது. நூல் எங்கிருந்து வந்தது, சாயம் எங்கே போட்டது என்பதற்கான கட்டங்களை இப்போதே தாளில் சேர்த்து, நூற்பாலையிடமும் சாயப்பட்டறையிடமும் ஒவ்வொரு லாட்டுக்கும் எழுத்தில் வாங்கிவைக்கத் தொடங்கலாம்.